ஆம்பூரில் ஒரு வட்டம்

காலை ஆறு மணிக்கு சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறியபோது என் மடியில் அரை கிலோ மைசூர்பாகு இருந்தது. வெறுங்கையோடு போகிற காரியமா இது? ஷபானா செய்த மூலக்கூறு ஒன்று காசநோய்க் கிருமியை அடக்கிவிட்டதே!

நான் பெரம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காசநோய்க்குப் புது மருந்து தேடும் ஒரு திறந்த ஆராய்ச்சிக் குழுவில் எனக்கும் சின்ன வேலை உண்டு. இங்கே யாரும் எதையும் பூட்டி வைப்பதில்லை. தேறினாலும் தோற்றாலும் ஆய்வு நோட்டைப் படமெடுத்துப் பொதுவில் போட்டுவிட வேண்டும். விரும்பியவர் எடுத்துத் தொடரலாம். அதையெல்லாம் அட்டவணையில் ஏற்றுவது நான். ஷபானா ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. போன வாரம் அவர் போட்ட பக்கத்தில் பதினாறு மூலக்கூறுகள்; பதினோராவதைச் சுற்றிப் பேனாவால் பெரிய வட்டம். கிருமியை அடக்கும் அளவும் பிரமாதம். குழுவே துள்ளியது. மூன்று கல்லூரிகளில் அதையே நிறையச் செய்ய ஆயத்தமாகிவிட்டார்கள்.

ஷபானாவின் கணவர் இம்தியாஸுக்கே வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோய். அதனால்தான் நேரில் போகத் தோன்றியது.

ஏழேகாலுக்கு அரக்கோணத்தில் இட்லி. காட்பாடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்பதேகாலுக்கு ஆம்பூர். ஆட்டோ எண்பது ரூபாய்.

"இன்னா சார், பிரியாணிக்கா? இன்னும் தம்மே போட்ருக்க மாட்டாங்க" என்றார் ஓட்டுநர்.

"தோஸ்த் வீட்டுக்குங்க" என்றேன். தோல் தொழிற்சாலைகளின் வாடை கூடவே வந்தது.

கதவைத் திறந்தது இம்தியாஸ். ஒல்லியாக இருந்தார். தோல் தொழிற்சாலையில் தோல்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. எட்டு மாதமாக மாத்திரையும் வீடும்தான்.

"இப்ப சளில கிருமி இல்லன்ட்டாங்க சார், பயப்படாம உக்காருங்க. மாத்திரைதான் ஜாஸ்தி, பசி கம்மி."

எனக்குப் பொறுமை ஏது? "உங்க வீட்டம்மா ஜெயிச்சுட்டாங்க!" என்று கைப்பேசியில் அந்தப் பக்கத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவரின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"சார், இது ஓட்டை."

தோலில் ஓட்டையோ கீறலோ இருந்தால் சாக்பீஸால் வட்டம் போடுவார்களாம், அடுத்து வெட்டுகிறவர் அங்கே கத்தி வைக்காமலிருக்க. டீயோடு வந்த ஷபானா தட்டை வைத்துவிட்டு, ஆமாம் என்று விவரம் சொன்னார். அந்த மூலக்கூறு கிருமியை மட்டுமல்ல, மனித உயிரணுக்களையும் கொன்றிருக்கிறது. அந்தச் சோதனை முடிவு வந்ததும், கணவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கதோஷத்தில் வட்டம் போட்டுப் பக்கத்தை ஏற்றியிருக்கிறார். மறுநாள் விவரம் எழுத நினைத்தவருக்கு, கணவரின் வாந்தியில் ஒரு வாரமே ஓடிவிட்டது. கல்லூரிக்கும் லீவு, குழுவையும் திறந்து பார்க்கவில்லை.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் முக்கியமான கேள்விக்குத்தான் வட்டம் போடுவோம்! மூன்று கல்லூரிகள் அதையே செய்யக் கிளம்பிவிட்டதையும் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லவேயில்லியே" என்றார் இம்தியாஸ்.

"இன்னான்னு சொல்றது? உங்கள நெனச்சுதான் செஞ்சேன். அதப் போய் ஓட்டைன்னு..." ஷபானாவின் கண் நிறைந்துவிட்டது.

"அட, ஓட்டைன்னா தோலையே தூக்கிப் போட்றமா? அத வுட்டுட்டு சுத்தி வெட்றோம். நீயும் அந்தக் கெட்ட எடத்த மட்டும் மாத்திப் பாரு." அவரே கைப்பேசியை மனைவியிடம் கொடுத்தார். "மொதல்ல அந்த மூணு காலேஜுக்கும் சொல்லு. பாவம், கத்தி வெச்சிடப் போறாங்க."

ஷபானா எழுதினார். கொஞ்ச நேரத்தில் மூன்று இடங்களிலிருந்தும் பதில் வந்தது: நிறுத்திவிட்டோம், நன்றி.

பதினொன்றரைக்குக் கிளம்ப எழுந்தேன். மைசூர்பாகைத் திரும்ப எடுத்துப்போகவும் வெட்கம், வைத்துவிட்டு வரவும் வெட்கம். இம்தியாஸே பெட்டியைப் பிரித்தார். அன்றைய மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார், எண்ணிக்கையைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாயிருந்தது. கடைசியில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மென்றார்.

"நல்லாருக்கு சார். ஓட்டையில்லாதது வரும்போதும் இதே கடைல வாங்கியாங்க."

வாங்கி வருகிறேன் என்றேன். திரும்பும் ரயிலில் அட்டவணையைத் திறந்து பதினோராவதுக்கு எதிரே எழுதினேன்: ஓட்டை, சுற்றி வெட்டவும்.