காதில் பிந்தி வந்த குரல்

இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவன் நான். காஹாங் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றினேன், சிங்கப்பூரில் கட்டடம் கழுவினேன், திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரோடு லாரியில் சுற்றினேன். எங்கேயும் இரண்டு வருஷம் தங்கியதில்லை. வேலை கிடைக்காத ஒரு மழைக்காலத்தில் லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் ஒரு கடைவீட்டின் பின்னறையை எடுத்து, பழைய மடிக்கணினியை வைத்துப் பாட்டுப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். சுவர் முழுக்கப் போர்வைகள். காற்றாடிச் சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் அதை நிறுத்திவிடுவேன். பாடுகிறவர்கள் வியர்த்துக்கொண்டே பாடுவார்கள்.

அந்த அறைக்கு ஒரு அக்கா வந்தார். தொழிற்சாலையில் வேலை, உறுமி மேளக் குழுவில் பல வருஷமாகப் பாட்டு. கழுத்தில் கட்டி எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அக்காவுக்குத்தான் தைரியம் வரவில்லை. திருவிழாவுக்கு வருகிறாரா இல்லையா என்று குழுத்தலைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆட்கள் முன்னால் குரல் உடைந்துவிடக் கூடாது என்று, முதலில் என் அறையில் பாடிப் பார்க்க வந்திருந்தார்.

“தம்பி, கோவில் மைக் மாதிரி எக்கோ போடு. எக்கோ இல்லாம பாடுனா துணி இல்லாம நிக்கிற மாதிரி இருக்கு.”

எங்கள் கோவில்களில் எக்கோ இல்லாத மைக் கிடையாது. அதில் பாடி வளர்ந்தவருக்குத் தன் குரல் அப்படிக் கேட்டால்தான் அது தன் குரல். நானும் கணினியிலேயே எக்கோ போட்டு, ஹெட்போனில் அவர் காதுக்குக் கொடுத்தேன். கணினி பழசு, சத்தம் எண்ணெயில் கடுகு போட்டதுபோல் பொரிந்தது. நிதானமாகச் செய் என்று அதற்கு அவகாசத்தைக் கூட்டி வைத்தேன். பொரிச்சல் நின்றது. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அக்கா பாடினார். காதில் ஓடிய தாளத்துக்குப் பின்னால் குரல் இழுத்தது.

“அக்கா, பிந்துறீங்க.”

மூன்று தடவை அதையே சொன்னேன். நான்காவது தடவை அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்பா. தொண்ட போயிருச்சு. வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன்.”

போய்விட்டார். நான் தடுக்கவில்லை.

சாமான்களை எடுத்து வைக்கும்போது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை நகத்தால் தட்டினேன். நகம் பட்டது. சத்தம் அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்தது. கணினிக்கு நான் கூட்டிக் கொடுத்த அவகாசம்தான் அது. அவ்வளவு சின்ன இடைவெளி போதும், ஆளைத் தடுமாற வைக்க. தன் குரலுக்காகக் காத்திருந்து காத்திருந்துதான் அக்கா பிந்தியிருக்கிறார்.

உடனே போன் செய்தேன். “அக்கா, தலைவர்கிட்ட ஞாயித்துக்கிழம வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க. தப்பு உங்க தொண்டையில இல்ல.”

“சும்மா ஆறுதல் சொல்லாத லா.”

சிகாமட்டில் ஒரு பாய் உணவுக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு அறையில் பக்திப் பாட்டு பதிவு செய்வது அவருடைய ஆசை. நான் கொஞ்ச காலம் அங்கே தட்டு கழுவியவன். அவரிடம் மைக்கை மாட்டுகிற ஒரு பெட்டி இருந்தது. எக்கோ போடும் வேலையை அதற்குள் இருக்கும் சிப்பே பார்த்துக்கொள்ளும். பாடுகிறவர் காதுக்குக் குரல் அங்கிருந்தே போய்விடும். கணினி பதிவு செய்தால் மட்டும் போதும்.

“என்னடா, மறுபடி வேல கேட்டு வந்தியா?”

“இல்ல பாய், பெட்டி வேணும்.” நடந்ததைச் சொன்னேன்.

“வெள்ளம் வந்தப்ப நான் மொதல்ல தூக்கிட்டு ஓடுனதே இதத்தான். என் பொண்டாட்டி இன்னும் சொல்லிக் காட்டுறா.” சொல்லிக்கொண்டே வயர்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்கவில்லை. “பாடட்டும் மொதல்ல” என்றார். இரண்டு துண்டில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். நிறையப் பேர் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள், படுக்க இடம் தந்திருக்கிறார்கள். இப்படி யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். வராமல் இருந்திருக்கலாம், வந்ததற்கே நான் நன்றி சொல்லவேண்டும்.

“மைக்கத் தட்டிப் பாருங்கக்கா.”

தட்டினார். “ஒடனே கேக்குது.”

பாடினார். குரல் பழையபடி இல்லை. மேலே போகும்போது கரகரத்தது. ஆனால் தாளம் அவர் கையில் இருந்தது. முடித்துவிட்டு, நான் கேட்காமலே இன்னொரு தடவை பாடினார்.

“அப்ப அன்னிக்குப் பிந்துனது நானில்லையா?”

“இல்லக்கா. என் கம்ப்யூட்டர். நான்தான் தெரியாம உங்கமேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

“அலமாக்! நாலு நாளா சாமியத் திட்டிக்கிட்டு இருந்தேன்டா. ஒனக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் சாமி வாங்கிக்கிச்சு.”

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அங்கேயே நின்று தலைவருக்குப் போன் போட்டார்.

“அண்ணே, நான் வரேன். கீபோர்டுக்காரர மட்டும் சுருதிய அரைக்கட்ட கொறச்சு வாசிக்கச் சொல்லுங்க.”