மூன்றாவது வெக்டர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம். மதுரையில் மிஷன் கல்லூரியொன்றில் பி.ஏ. கணிதம் முடித்திருந்தேன். வாடிப்பட்டியிலிருந்து கணக்கு வாத்தியார் ஒருவர் தம் தாயாருடன் என்னைப் பெண் பார்க்க வந்தார்.

"ஏத்தா, பாட்டுப் பாடுவியா?" என்றார் தாயார்.

"பாட்டு வராதுங்கத்தை. கணக்கு வரும்."

அப்பா இருமினார். வாத்தியார் முகத்திலோ சட்டென்று வெளிச்சம்.

"அப்ப எனக்கு ஒரு கணக்குக் குடுங்க, பாப்போம்."

எனக்குக் குறும்பு வந்துவிட்டது. தம்பியின் சிலேட்டை எடுத்து, மும்மூன்று எண்கள் கொண்ட மூன்று வெக்டர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்: 2, 1, 3. அடுத்து 1, 4, 2. கடைசியாக 5, 6, 8.

"இந்த மூணும் ஒண்ணையொண்ணு சாராம நிக்குதா, இல்ல ஏதாவது ஒண்ணு மத்ததுலருந்து பெறந்ததா?"

அவர் அந்த ஒன்பது எண்களையும் அணிக்கோவையாக, அதாவது டிடர்மினன்ட்டாக, எழுதி விரித்தார். அது பூஜ்யமானால் ஒன்று மற்றவற்றைச் சார்ந்தது. இல்லையென்றால் மூன்றும் தனித்தனி. பலகாரத் தட்டுடன் அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"கழித்தல் நாலு. பூஜ்யமில்ல. மூணும் தனித்தனிதான்" என்றார் பெருமையாக.

"இல்லங்க. முதலாவதை ரெண்டு மடங்கு எடுத்து, ரெண்டாவதைக் கூட்டிப் பாருங்க."

உதடசைத்துக் கூட்டினார். நாலும் ஒண்ணும் அஞ்சு. ரெண்டும் நாலும் ஆறு. ஆறும் ரெண்டும் எட்டு. அப்படியே மூன்றாவது வெக்டர்! பதறிப்போய் சிலேட்டை மறுபடி பார்த்தார். நடு உறுப்பில் கூட்டல் குறி கழித்தலாகிப்போயிருந்தது. திருத்தியதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னடா ஆச்சு?" என்றார் தாயார்.

"சைபரும்மா!"

"ஆத்தாடி! பிள்ளை பெயிலாப் போச்சா?"

"அவங்க இல்லம்மா, நாந்தான் பெயிலு!"

கூடமே அதிரச் சிரித்தது. இருமிக்கொண்டிருந்த அப்பாவும் தோள் குலுங்கச் சிரித்தார். மாணவர்கள் முன்னால் தப்பு வந்தால் எரிச்சல்படும் வாத்தியார்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். இந்த மனிதரோ புதையல் கிடைத்தவர்போல அந்தச் சிலேட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

பெரியவர்கள் நாள் குறிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது அவர் இடைமறித்தார்.

"கொஞ்சம் இருங்க. எனக்குச் சம்மதம். அவங்களை யாரும் கேக்கலையே?"

எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணிடமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கம் வரும் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது.

"எனக்கும் சம்மதந்தான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக.