பவ்யா பேட் பிடிக்காத கேம்ப்

என் மகள் பவ்யா பேஸ்பாலில் கேட்சர். பேட் பிடிக்கிறவருக்குப் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு குந்தி, பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்கிற வேலை. சித்தூர் பக்கம் எங்கள் குடிபாலாவில் கேட்டால் கிரிக்கெட் என்பார்கள்.

இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்ததும் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி கேம்ப் வைத்தது. அங்கே நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் என்றார்கள். அந்த சீட் இல்லாமல் திருப்பதியில் படிக்கவைக்க எங்களால் ஆகாது. அது அவளுக்கும் தெரியும்.

கடைசி நாள் பெற்றவர்களை வரச் சொன்னார்கள். வேலியோரம் நின்று பார்த்தேன். வீசுகிறவர்கள் மாறினார்கள், அடிக்கிறவர்கள் மாறினார்கள். பின்னால் குந்தியிருந்தவள் மட்டும் மாறவில்லை.

தண்ணீர் குடிக்க வந்தாள்.

“நீ எப்போடி பேட் புடிப்ப?”

“வேற கேட்சர் இல்லம்மா. சார் அங்கயே இருன்னாரு.”

“மொத நாள்லர்ந்தா?”

“ம்.”

“வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த? எனக்கும் குடுங்கன்னு கேக்கமாட்ட?”

“கேட்டா கோச்சிக்குவாரு. சீட் பூடும்.”

கோச் லோகேஸ்வரனிடம் நானே போனேன்.

“பவ்யா நல்ல பொண்ணும்மா. எவ்ளோ ஒத்தாசை தெரியுமா?”

“சீட்டு சார்?”

“அவ பேட்டிங் பாக்கலையேம்மா.”

“நீங்க பேட்டே குடுக்கல சார்.”

அவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

சீட் புத்தூரிலிருந்து வந்த பிட்சர் ஹரிப்ரியாவுக்குப் போனது. நன்றாகத்தான் வீசினாள், அடித்தாள். அவள் வீசிய ஒன்றைக்கூட இவள் தவறவிடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பவ்யா அழுதிருந்தால் நாலு திட்டு திட்டியிருப்பேன். அழவில்லை. வீட்டுக்கு வந்து முட்டி வலிக்கிறது என்றாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். சித்தூரில் பி.காம். சேர்த்தோம். காலையில் போகிறாள், வருகிறாள், தின்கிறாள், தூங்குகிறாள். ஊரில் பிள்ளைகளைக் கேம்புக்கு அனுப்பலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். அனுப்புங்கள், ஆனால் பிள்ளைக்கு ஆட இடம் கொடுக்கிறார்களா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள் என்கிறேன்.

இந்தக் கோடையில் லோகேஸ்வரன் போன் செய்தார்.

“கேம்ப் வச்சிருக்கோம்மா. கேட்ச் புடிக்க ஆள் இல்ல. பவ்யாவ அனுப்புறீங்களா?”

“ஆள் எடுக்குற கேம்ப்ல ஆளே இல்லையா சார்?”

பவ்யா போனை வாங்கிக்கொண்டாள். “எனக்கு பேட்டிங் குடுப்பீங்களா சார்?” என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இன்னாடி சொன்னாரு?”

“நான்தான் காலேஜ்ல சேந்துட்டனே, பேட்டிங் எதுக்குன்றாரு.”

“போறியா?”

“இல்ல,” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள்.