பேய் நாடகத்தில் செத்தவனுக்கு அழுதேன்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எண்பதுகளில் எங்கள் பென்னலூரில் முதல் டிவி வாங்கியவனும் நானே. தம்பி லாரிச் சக்கரத்தில் நசுங்கிச் செத்தபோது, பந்தல் முதல் கருமாதி வரை தனியாளாய் நின்று நடத்தினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் டிவியில் பேய் நாடகம். பேய் ஒருவனை லாரிக்கு அடியில் தள்ளியது. சக்கரம் ஏறியது. நான் வாய்விட்டுக் கதறிவிட்டேன்.

பார்க்க வந்த கூட்டம் சிரித்தது.

“இன்னாண்ணே, பேயப் பாத்து பயந்துக்கினியா? அது ரத்தம் இல்லண்ணே, சாயம்!”

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “அழுய்யா, அன்னிக்கே அழுதிருக்கணும்” என்று என் தோளைப் பிடித்தாள். பிறகு தம்பி பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். சிரித்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

காரியமெல்லாம் முடிந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் என் வீட்டில் எழவு விழுந்தது அன்றைக்குத்தான்.