கேக்காம எழுதிப்புட்டேன்

எங்கண்ணன் நோவுல கெடந்து செத்தப்ப அவனோட உயிர்ச் சிநேகிதன் முருகேசண்ணன் எங்க வீட்டை எட்டிக்கூடப் பாக்கல. எனக்கு ஆத்திரம் தாங்கல. நான் எட்டாவதுதான் படிச்சேன், ஆனா இணையத்துல கட்டுரை எழுதுவேன். அவர் பேரு, புதுவயல்னு ஊரு எல்லாம் போட்டு எழுதிட்டேன். யார் யாரோ அவரத் திட்டுனாங்க. எனக்கு அது ஆறுதலாக்கூட இருந்துச்சு.

பத்து நாள் கழிச்சு வந்தாரு. காலெல்லாம் கொப்புளம்.

"இத்தன நாளா எங்க போனீக?"ன்னு கத்துனேன்.

"பழனிக்கு மாலை போட்டிருந்தேன்த்தா. மாலையோட எழவு வீட்டுக்குள்ள வரக்கூடாதுல்ல. போட்ட மாலையப் பாதியில கழட்டவும் கூடாது. தெருமுக்குலயே நின்னு அழுதுட்டு நடக்கப் போயிட்டேன்."

"அப்படி என்ன வேண்டுதல்?"

"ஒங்கண்ணன் பொழைக்கணும்னுதான்."

நான் எழுதுனத வழியிலயே படிச்சாராம், கூட நடந்தவங்க சொன்னாங்க. அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

அன்னைக்கே அழிச்சுட்டேன். ஆனா அத எடுத்துப் பகிர்ந்தவங்க பக்கங்கள்ல இன்னும் கெடக்கு. அண்ணன் இருந்திருந்தா, "அவன்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டியா?"ன்னுதான் மொதல்ல கேட்டிருப்பான்.