ஊர்ப் பெயரைத் தேடியவர்

கம்பத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் ஒரு நர்ஸம்மா வாரந்தோறும் வருவார். கசங்கிய வெள்ளைச் சேலை, ஒட்டிய கன்னம். உட்கார்ந்ததும் இணையத்தில் தன் ஊர்ப் பெயரை, காமயகவுண்டன்பட்டி என்று தட்டித் தேடுவார். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனுக்காக அவர் சொல்லி நான் செய்த இணையதளம் முதலாவதாக வந்து நிற்கும். அதில் ஊர்ப் படங்களும், வீட்டின் படமும், கீழே போன் நம்பரும் இருந்தன.

“மகன் பேரையே போடலாமேக்கா?” என்றேன் ஒருநாள்.

“அவன் பேரை மாத்திக்கிட்டாலும் ஊர்ப் பேரை என்னைக்காச்சும் தட்டிப் பாப்பான் தம்பி.”

பிறகு தேடல் வரிசை மாறியது. மனை விற்பவர்களும் ஹோட்டல் புக்கிங்காரர்களும் மேலே ஏறிக்கொண்டார்கள். நான் என்னென்னவோ மாற்றிப் பார்த்தும் எங்கள் தளம் கீழேயே போனது. ஒருநாள் அவர் பக்கம் பக்கமாகத் தள்ளி, ஒருவழியாக அதைக் கண்டுபிடித்தார்.

“இம்புட்டுத் தூரம் அவன் தேடி வருவானா தம்பி?”

வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார்.

“வீட்டுக்கு வேற பெயிண்ட் அடிச்சிருக்கோம். பழைய படத்தை எடுத்துட்டு இதைப் போட்டுரு. அடையாளம் தெரியாமத் திரும்பிப் போயிரக் கூடாதுல்ல.”

அன்றே ஏற்றினேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், வாசல் தெளிவாகத் தெரிகிறதா என்று மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.