டம்மிக்கு ஓர் அட்டை

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நானும் இப்படிச் சொல்பவர்களைப் பார்த்துச் சிரித்த ஆள்தான். விளாங்குடியில் எங்கள் பைண்டிங் ஷெட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மிஷின்களில் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள், என் மிஷினில் மட்டும் கட்ட விடமாட்டேன். போல்ட்டை ஒழுங்காக முடுக்கினால் எந்தப் பேயும் வராது என்பேன்.

கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு மேலட்டை செய்யும் மிஷின் அது. இரண்டு அட்டையையும் நடுவில் முதுகுப் பட்டையையும் துணியில் ஒட்டி வெளியே தள்ளும். மூடிப்போன ஏதோ ஓர் அச்சகத்திலிருந்து முதலாளி வாங்கிவந்தார், மாட்டி ஓடவைத்தது நான். ஷெட் முன்பு பால் டிப்போவாக இருந்ததால் தண்ணீர் ஓடுவதற்குத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். அட்டை வந்து விழும் மேசை ஆடியது. மிஷினோடு வந்த மரப்பெட்டியில் ஒரு டம்மி கிடந்தது. டம்மி என்றால், புது வேலை தொடங்கும் முன் அதே தாளில், அதே கனத்தில் தைத்து வைக்கும் வெற்றுப் புத்தகம். முதல் அட்டையை அதற்குத்தான் போட்டுப் பார்ப்போம். இதற்கு யாரும் அட்டை போட்டிருக்கவில்லை, பக்க அடையாளத்துக்கு வைக்கும் சிவப்பு நாடா மட்டும் தொங்கியது. கைக்கு வாகாக இருக்கிறதே என்று மேசைக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டேன்.

முதல் வேலை ஒரு பள்ளிக்கூட விழா மலர். முதுகு அளவை இருபத்திரண்டு மில்லி வைத்து முடுக்கினேன். காலையில் நன்றாகத்தான் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து ஓட்டினால் அட்டையெல்லாம் தொளதொள, அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிய மாதிரி. பார்த்தால் அளவு முப்பத்தொன்றில் நிற்கிறது. மறுநாளும் அதே, அதற்கு மறுநாளும் அதே முப்பத்தொன்று.

எனக்கு ஜெயந்தி மேல் சந்தேகம். கொட்டாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களிடம் பசை வேலை பார்க்கும் பெண். "எனக்கும் மிஷின் ஓட்டச் சொல்லிக்குடுங்கண்ணே" என்று சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மதியம் ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவதும் அவள் ஒருத்திதான். என் பேரைக் கெடுத்து என் இடத்துக்கு வரப் பார்க்கிறாள் என்று முடிவே கட்டி, முதலாளியிடம் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

"தொட்டிருந்தா தொட்டேன்னு சொல்லிட்டுப் போறேன்ணே. நான் தொடலயே" என்றாள். அவள் அழாமல் நின்றதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் ஷெட்டை நானே பூட்டினேன். சாவி, ஸ்பேனர் இரண்டும் என் பையில். முதலாளியும் நானும் எதிர்க்கடையில் கதவைப் பார்த்தபடி சாப்பிட்டோம். நம்பினால் நம்புங்கள், திறந்து பார்த்தால் முப்பத்தொன்று. போல்ட் நான் முடுக்குவதைவிட இறுக்கமாக இருந்தது. நட்டநடு மத்தியானம், வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.

"அப்பிடியே ஒரு அட்டை ஓட்டிப் பாருய்யா" என்றார் முதலாளி.

ஓட்டினேன். அட்டை விழுந்ததும் மேசை ஆடியது. குனிந்து பார்த்தால், காலுக்கு அடியில் இருந்த டம்மி ஒரு முழம் தள்ளி, துடைத்து வைத்த மாதிரி சுத்தமாகக் கிடந்தது. அதன் கனம் முப்பத்தொன்று என்று அளக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. எடுத்து அந்த அட்டைக்குள் வைத்தேன், அதற்கென்றே செய்தது போல உட்கார்ந்தது. அங்கேயே பசை தடவி ஒட்டினோம். அதற்குப் பிறகு அளவு ஒரு நூல்கூட நகரவில்லை.

சாயங்காலமே கொட்டாம்பட்டிக்குப் போய் ஜெயந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அப்ப யாருண்ணே தொட்டது?"

"தெரியலம்மா."

"அது தெரியல. நாந்தேன்னு மட்டும் எப்பிடிண்ணே தெரிஞ்சுச்சு?"

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வந்தாள். இப்போது அந்த மிஷினை அவள்தான் ஓட்டுகிறாள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். அந்த டம்மி முதலாளி அறையின் அலமாரியில் இருக்கிறது. நாடாவை முதல் தாளில் வைத்து மூடியது நான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பத்துத் தாள் தள்ளிக் கிடந்தது. பென்சிலால் குறி போட்டேன், குறியையும் தாண்டிப் போனது. அத்தனையும் வெற்றுத் தாள், ஓர் எழுத்து கிடையாது. போன வாரம் பொறுக்க முடியாமல் ஜெயந்தியிடம், "அந்த நாடாவ நீ நகத்துறியாம்மா?" என்று கேட்டேன்.

"மறுபடியும் நானாண்ணே?" என்றாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஆமாம் என்று அவள் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. கடைசித் தாளுக்கு இன்னும் ஏழெட்டுத் தாள்தான் பாக்கி.